தலைமை என்னும் பணி

முன்னுரை

ஒவ்வோர் ஆண்டும் கேந்திரிய வித்யாலயங்களில் மாணவர் தலைவர்கள் பதவியேற்கும் விழா நடைபெறுகிறது. பள்ளித் தலைவரும், சிவாஜி, தாகூர், அசோகா, இராமன் ஆகிய இல்லங்களின் தலைவர்களும் உறுதிமொழி ஏற்கின்றனர். சட்டையில் சின்னம் குத்தப்படுகிறது. தோளில் பட்டை அணிவிக்கப்படுகிறது. பெற்றோர் மகிழ்ந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். விழா ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் ஓராண்டுக் காலம் அம்மாணவர் என்ன கற்கிறார் என்பதே எண்ணிப் பார்க்கத் தக்கது. தலைமை என்பது பிறரை ஏவும் உரிமை அன்று. பிறர் தயங்கும் வேலையைத் தாமே முதலில் தொடங்கும் பழக்கம். அப்பழக்கத்தை உயர்நிலைப் பள்ளிப் பருவத்திலேயே பெறுதல் வேண்டும்.

சாந்திநிகேதன் காட்டிய வழி

இதற்குத் தக்க சான்று மேற்கு வங்கத்திலேயே உள்ளது. கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், போல்பூருக்கு அருகில் சாந்திநிகேதன் அமைந்துள்ளது. அங்கு இரவீந்திரநாத் தாகூர் 1901ஆம் ஆண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர் செய்த சிறு பிழைகளை மாணவரே கூடி விசாரிக்கும் வழக்கம் அப்பள்ளியில் இருந்தது.

1915ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய காந்தியடிகள் அங்குச் சென்றார். சமையலுக்கும் துப்புரவுக்கும் கூலியாள்களை நம்பாமல், மாணவரும் ஆசிரியரும் தாங்களே அவற்றைச் செய்யலாமே என்றார். ஆசிரியர் சிலர் தயங்கினர், மாணவர் விரும்பினர். ஆசிரியர்கள் உடன்பட்டால் தமக்குத் தடையில்லை என்றார் தாகூர். மார்ச்சு 10 அன்று பணி தொடங்கியது. மாணவர் ஏறத்தாழ 125 பேர். ஒரு குழு காய் நறுக்கியது. ஒரு குழு தானியம் புடைத்தது. ஒரு குழு சமையற்கூடத்தைத் தூய்மை செய்தது. பாத்திரம் துலக்குவோரின் களைப்புத் தீர, சிலர் சித்தார் வாசித்தனர்.

நாள் செல்லச் செல்லச் சிலர் சோர்ந்தனர். பியர்சன் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் மட்டும் சோரவில்லை. பெரிய பாத்திரங்களைத் துலக்கும் கடினமான வேலையை அவர் தாமே ஏற்றுக்கொண்டு, புன்னகையுடன் செய்து வந்தார். யாரையும் அவர் அதட்டியதாகச் செய்தி இல்லை. பெரிய பாத்திரத்தைத் தம் பங்காக எடுத்துக்கொண்டதே அவருடைய தலைமை.

அம்முயற்சி சில காலத்திற்குப்பின் கைவிடப்பட்டது. எனினும், இன்றும் மார்ச்சு 10 அங்குக் ‘காந்தி புண்ணியாகம்’ என்று போற்றப்படுகிறது. அன்று ஊழியர்களுக்கு ஓய்வளித்து, மாணவரும் ஆசிரியரும் அவர்தம் வேலைகளைச் செய்கின்றனர். புதிய முயற்சியைத் தொடங்குவது எளிது. ஆர்வம் குறைந்தபின்னும் தொடர்வது அரிது. பதவியேற்ற மாணவர் முதலில் கற்கும் பாடமும் இதுவே. முதல் வாரத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தப் பலர் முன்வருவர். மூன்றாம் மாதத்திலும் குடிநீர்க் குழாயை மூட மறவாதவரே தலைவர்.

வெளியூர்ப் பிள்ளைகளும் தலைமையும்

பணிமாற்றலால் ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைகள், “இது நம் ஊர் அன்று, இன்னும் இரண்டு ஆண்டுகளில் சென்றுவிடுவோம், நமக்கு எதற்குப் பதவி?” என்று ஒதுங்குவதுண்டு. வீட்டில் தமிழ், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும், கடைவீதியில் வங்காளம் என வாழும் அவர்களுக்குத் தயக்கம் எழுவது இயல்பே. ஆயினும் ஒதுங்குதல் சரியன்று. ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்து, மொழி புரியாமல், உணவு இடைவேளையில் தனியே அமர்ந்திருக்கும் புதிய மாணவரின் துன்பத்தை யார் நன்கு அறிவார்? முன்பு அவ்வாறு அமர்ந்திருந்தவரே அறிவார். அவர் சென்று அழைத்தால் அது வெறும் கடமையாக இராது.

காந்தியடிகளுடன் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்தவர்களுள் தமிழ்ச் சிறுவர் ஐவரும் இருந்தனர் என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். புதிய மண்ணில் பிறருடன் சேர்ந்து உழைத்தே அவர்கள் தமக்குரிய இடத்தைப் பெற்றனர்.

படிப்புக் கெடுமா?

பதவியால் படிப்புக் கெடும் என்பது பெற்றோரின் அச்சம். பொதுத்தேர்வு நெருங்கும் காலத்தில் அவ்வச்சம் பொருளற்றது அன்று. மாணவர் தலைவரை வகுப்பு நேரத்தில் நாற்காலி அடுக்கவும் கோப்பு எடுத்துச் செல்லவும் அனுப்பினால் படிப்புக் கெடத்தான் செய்யும். அது தலைமைப் பயிற்சியும் ஆகாது. நேரத்தைப் பங்கிடவும், வேலையைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கவும், தவறு நேர்ந்தால் “பொறுப்பு என்னுடையது” என்று சொல்லவும் கற்பிப்பதே பயிற்சி. இவை படிப்புக்கும் துணைசெய்யும்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் முறையாக இருத்தல் வேண்டும். மதிப்பெண்ணையும் உரத்த குரலையும் மட்டுமே கண்டு தேர்ந்தெடுத்தல் போதாது. ஒருவரை ஆராய்ந்து அவருக்கேற்ற பணியை அளிப்பதற்கென்றே ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர். அமைதியாகப் பணியாற்றும் மாணவரும் ஆசிரியர் கண்ணில் படவேண்டும்.

முடிவுரை

ஆண்டு முடிவில் தோளிலுள்ள பட்டையைத் திருப்பித் தரவேண்டும். தந்தைக்கு மாற்றல் ஆணை வந்தால் பள்ளியையே விட்டுச் செல்லவேண்டும். கடினமான வேலையைத் தாமே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையோ யாரும் திரும்பக் கேட்பதில்லை. அடுத்த ஊரின் புதிய வகுப்பறையிலும் அது அம்மாணவருக்குப் பயன்படும்.