பாட்டு ஏறிய லாரி

யூகோஸ்லாவியா என்னும் தேசத்தை இன்றையப் பூகோளப் படத்தில் தேடினால் அகப்படாது. 1991-ல் உடையத் தொடங்கிய அந்நாடு இப்போது பல தேசங்களாகப் பிரிந்து நிற்கிறது. அதன் கொடி போயிற்று, நாணயம் போயிற்று, சேனையும் போயிற்று. போகாமல் எஞ்சியவற்றுள் முக்கியமானது அதன் பாட்டு என்றால் நேயர்கள் புன்னகை புரியலாம். புன்னகை புரிந்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

1948-ல் மார்ஷல் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் உறவு முறிந்தது. அதன் பயனாக, மேனாட்டுச் சங்கீதத்துக்கு அங்கே கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. ஜாக்ரெப் நகரத்து யூகோடோன் ஸ்தாபனம் இசைத்தட்டுகளை அச்சிட்டுத் தள்ளிற்று. மின்சாரக் கிதார் முழங்கும் 'ராக்' சங்கீதம் வாலிபர்களை ஆட்கொண்டது. சர்க்கார் அதைத் தடுக்கவில்லை. 1970-களில், மட்டரகம் என்று தீர்மானித்த இசைத்தட்டுகளுக்குத் தனி வரி மட்டும் விதித்தது. அத்தகைய வரி எந்த தேசத்தில் வந்தாலும் கஜானா நிரம்பி வழியும் என்றே தோன்றுகிறது!

1974-ல் ஸரயேவோவில் தோன்றியது 'பியெலோ டுக்மே' என்ற கோஷ்டி. 'வெள்ளைப் பொத்தான்' என்பது பொருள். தலைவர் கோரன் பிரெகோவிச் நாட்டுப்புற மெட்டுக்களை மின்சார வாத்தியங்களோடு இணைத்தார். 'இடையர் ராக்' என்று விமர்சகர்கள் பரிகசித்தனர். ஜனங்களோ, 1977 ஆகஸ்டில் பெல்கிரேடில் நடந்த இலவசக் கச்சேரிக்குப் பதினாயிரக்கணக்கில் திரண்டார்கள்.

அடுத்த தலைமுறையின் பாடகர் மிலான் மிலடெனோவிச். தந்தை செர்பியர், தாயார் குரோவேசியர். பிறந்தது ஜாக்ரெப், வளர்ந்தது ஸரயேவோ, 'எகடரீனா வெலிகா' கோஷ்டியை அமைத்துப் புகழ் பெற்றது பெல்கிரேடில். அவரிடம் போய், "நீர் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் என்ன விடை சொல்வார்?

1992 மார்ச்சில் அவர் விடை சொன்னார். அவரும் வேறு இரண்டு கோஷ்டிகளின் நண்பர்களும் 'ரிம்துதிதுகி' என்ற பெயரில் ஒன்றுகூடி, திறந்த லாரியில் வாத்தியங்களுடன் ஏறி, பெல்கிரேட் வீதிகளில் பாடிச் சென்றனர். வாலிபர்கள் யுத்தத்துக்குப் போக வேண்டாம் என்பதே பாட்டின் சாரம்.

லாரி யுத்தத்தை நிறுத்தியதா? நிறுத்தவில்லை. அடுத்த மாதமே ஸரயேவோ முற்றுகையிடப்பட்டது. 1996 பிப்ரவரி வரை அது நீடித்தது. மிலான் யுத்தத்தின் முடிவைக் காணவில்லை. 1994 நவம்பரில், 36-வது வயதில் காலமானார். பகைமையை மூட்டும் பாட்டுகளும் அந்நாட்களில் பஞ்சமின்றி ஒலித்தன. ஆகவே, பாட்டு என்றாலே நன்மை என்று நாம் ஏமாற வேண்டுவதில்லை. பாடுகிறவன் நெஞ்சில் உள்ளதுதான் பாட்டிலும் இருக்கும்.

ஆயினும் 2005-ல் நடந்ததைச் சொல்லாமல் முடிப்பது நியாயமன்று. கலைந்து போயிருந்த பியெலோ டுக்மே அவ்வாண்டு மீண்டும் கூடி ஸரயேவோ, ஜாக்ரெப், பெல்கிரேட் என்ற மூன்று நகரங்களில் பாடிற்று. மிலானின் மூன்று நகரங்களும் அவையே! முன்பு ஒரே தேசத்தின் ஊர்கள். அப்போது மூன்று தேசங்களின் தலைநகரங்கள். மூன்றிலும் ஜனங்கள் திரளாக வந்து அதே பழைய பாட்டுகளைக் கேட்டனர்.

தேசத்தைக் காக்கும் பொறுப்பைப் பாட்டின் தலையில் சுமத்தலாகாது. அது ராஜ்யத்தை ஆள்வோர் செய்ய வேண்டிய காரியம். அவர்கள் அதைச் செய்யத் தவறிய பிறகும், மனிதர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தை அங்கே பாட்டு வைத்திருந்து கொடுத்தது.