மகன் அனுப்பிய ரீபண்ட் பணம்



மாவனல்லைப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள். மகன் மெல்பேர்னில் படிக்கிறார். மாலையில் ஓர் உணவகத்தில் வேலை. "வரிக் கணக்குக் கொடுத்தேன் உம்மா, ரீபண்ட் வந்தது" என்று சொல்லி ஒரு தொகையை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். தாய்க்குச் சந்தோஷம்தான். ஆனால் பேச்சோடு பேச்சாக மகன் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். "முன்னூறு டொலர் வரைக்கும் பற்றுச்சீட்டுக் கேட்கமாட்டாங்க உம்மா. எல்லாரும் செலவு என்று போடுறாங்க, நானும் போட்டேன்." அப்படி எதை வாங்கினாய் என்று கேட்டதற்கு, ஒன்றும் வாங்கவில்லை என்றாராம். அன்றிலிருந்து தாய்க்கு மனம் சரியில்லை. இந்தக் காசு நமக்கு ஆகுமா என்று கேட்கிறார்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் கணக்கைச் சொல்கிறேன். கணக்கு விளங்கினால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நம்மவர் வீடுகளில் இன்று ஒரு மகனோ மகளோ மருமகனோ அவுஸ்திரேலியாவில் இருப்பது சாதாரணமாகிவிட்டதால், மற்றச் சகோதரிகளுக்கும் இது உதவும்.

முதலில் ரீபண்ட் என்பது என்ன? அது அரசாங்கம் தரும் அன்பளிப்பு அல்ல. அங்கே ஒவ்வொரு சம்பளத்திலும் முதலாளி ஒரு தொகையை வரிக்கென்று பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார். இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்குகிறது. அங்கே ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஆண்டு முடிந்ததும் வேலை செய்தவர் தன் வருமானம் இவ்வளவு, வேலைக்காகத் தன் கையால் செலவழித்தது இவ்வளவு என்று கணக்குக் கொடுக்க வேண்டும். தானே கொடுப்பதாயின் ஒக்டோபர் 31 கடைசி நாள். பிடித்தது கூடவென்றால் மிச்சம் திரும்பி வரும். குறைவென்றால் கட்ட வேண்டியதுதான். ஆக, நேர்மையாக வந்த ரீபண்ட் மகன் உழைத்த காசேதான்.

இனி அந்த முன்னூறு டொலர் கதைக்கு வருவோம். செலவைக் கழிப்பதற்கு அங்கே மூன்று நிபந்தனைகள் உண்டு. பணம் சொந்தக் கையிலிருந்து போயிருக்க வேண்டும், அதை முதலாளி திருப்பித் தந்திருக்கக் கூடாது. செலவு அந்த வருமானத்தைத் தேடுவதோடு நேரடியாகத் தொடர்புபட்டிருக்க வேண்டும். அதற்குச் சான்று இருக்க வேண்டும். 2024-25 வரி ஆண்டில், வேலைச் செலவுகள் மொத்தமாக 300 டொலருக்கு மேற்படாவிட்டால் எழுத்துச் சான்று காட்டத் தேவையில்லை என்று ஒரு சலுகை இருந்தது. சலுகை மூன்றாவது நிபந்தனைக்கு மட்டும்தான். முதல் இரண்டும் அப்படியே நிற்கின்றன. செலவழித்திருக்க வேண்டும், எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டு வேண்டாம் என்றதைச் செலவே வேண்டாம் என்று மகன் எடுத்துக்கொண்டார். அவர் மட்டுமல்ல, இப்படி எடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

உண்மையான செலவு எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. உணவகத்தில் கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டு வரச் சொல்கிறார்கள். மகன் கடையில் வாங்குகிறார். அதைக் கழிக்க முடியுமா? முடியாது. எங்கும் போட்டுப் போகக்கூடிய சாதாரண உடை அது. முதலாளி கட்டாயப்படுத்தினாலும் அது சொந்தச் செலவுதான். உணவகத்தின் சின்னம் பொறித்த, கட்டாயமாக அணியவேண்டிய சீருடையென்றால் கழிக்கலாம். சமையற்காரர் தன் காசில் வாங்கும் கத்தியையும் கழிக்கலாம்.

முதியோர் இல்லங்களில் வேலைசெய்யும் நம் பெண்பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீருடையை வீட்டில் கழுவுகிறீர்களா? அந்த உடைகளை மட்டும் தனியாகப் போட்டுக் கழுவினால் ஒரு தடவைக்கு 1 டொலர், வீட்டு உடுப்போடு கலந்து கழுவினால் 50 சதம் என்று கணக்கிடலாம். வழுக்காத பாதுகாப்புச் சப்பாத்தைக் கழிக்கலாம், சாதாரணச் சப்பாத்தை முடியாது. தொழிற்சங்கச் சந்தா கழியும். தாதியாக இருந்தால் வருடாந்தப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் கழியும், முதன்முதலில் பதிவதற்குக் கட்டியது கழியாது. ஏனென்றால், அது வேலைக்குள் நுழைவதற்கான செலவு, வேலையிலிருந்து உழைப்பதற்கான செலவல்ல. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பயணம் பொதுவாகக் கணக்கில் வராது. ஆனால் ஒரு முதியவரின் வீட்டில் வேலை முடித்து அடுத்தவரின் வீட்டுக்குச் சொந்தக் காரில் போனால் அது வரும். 2024-25இல் கிலோமீற்றருக்கு 88 சதம், உச்சம் 5,000 கிலோமீற்றர்.

பிள்ளையைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டால்தானே தாய் வேலைக்குப் போகலாம், அந்தக் கட்டணத்தைக் கழிக்க முடியாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முடியாது. அதற்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஸகாத் பற்றியும் கேட்கிறார்கள். நன்கொடையைக் கழிக்கலாம், ஆனால் எல்லா நன்கொடையையும் அல்ல. வரிக் கழிவுக்கென்று அங்கே அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு 2 டொலரோ அதற்கு மேலோ கொடுத்து, பற்றுச்சீட்டும் வைத்திருந்தால் அது கழியும், ஸகாத்தாக இருந்தாலும் ஸதகாவாக இருந்தாலும். மாவனல்லையிலுள்ள சாச்சிக்கு அனுப்பிய ஸகாத் கழியாது. பள்ளிவாசலுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் கழியாது, பள்ளிவாசல் தர்ம நிறுவனமாகப் பதிவாகியிருந்தாலும்கூட. இப்தார் விருந்துக்கு வாங்கிய டிக்கட், பதிலுக்குச் சாப்பாடு கிடைப்பதால், பொதுவாக நன்கொடையாகாது. வீட்டுக்கு அனுப்பும் பணமும் கழியாது. தாய் தகப்பனைப் பார்ப்பது கடமை, ஆனால் வரிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொரு பக்கம், மறைந்துபோகும் வருமானங்கள். வங்கிக் கணக்கில் வட்டி சேர்ந்துவிடுகிறது. நம் பிள்ளை அதைத் தொடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். தொடாததை ஏன் வருமானமாகக் காட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். காட்டத்தான் வேண்டும். வங்கியும் அதைத் திணைக்களத்துக்கு அறிவித்துவிடும். கையில் ரொக்கமாக வாங்கிய சம்பளமும் அப்படித்தான். நிரந்தர வதிவிடம் பெற்ற மகனின் பெயரில் வெள்ளவத்தையில் ஒரு வீடு இருந்து, வாடகையை நீங்கள் இங்கே வாங்கிக்கொண்டிருந்தால், அதுவும் அவருடைய அவுஸ்திரேலியக் கணக்கில் வரவேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே சலுகை கிடைக்கும். இரு நாடுகளும் 1989இலேயே இதற்கு ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. மாணவர் போன்ற தற்காலிக வீஸாக்காரருக்கு வெளிநாட்டு வாடகை, வட்டி விடயத்தில் பெரும்பாலும் விலக்கு உண்டு.

கணக்கு நிரப்பித் தருகிறேன் என்று வரும் 'தெரிந்த ஆட்களை' எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. கட்டணத்துக்கு இந்த வேலையைச் செய்பவர் அங்கே பதிவுபெற்ற வரி முகவராக இருக்க வேண்டும். ரீபண்டைப் பெருக்கிக் காட்டுகிறேன் என்பவர் நாளை இருக்கமாட்டார், கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் பிள்ளை. கவனயீனத்தால் குறைந்த வரிக்கு 25 சதவீதம் அபராதம், வேண்டுமென்றே செய்திருந்தால் 75 சதவீதம். சீட்டுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

சரி, மாவனல்லைச் சகோதரியின் மகனுக்கு வருவோம். அவருடைய சம்பளம் எனக்குத் தெரியாது. 2024-25இல் வருடம் முழுவதும் அங்கிருந்து 36,000 டொலர் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குப் போனவரை வரி விடயத்தில் பொதுவாக அங்கு வதிபவராகவே கொள்வார்கள். முதல் 18,200 டொலருக்கு வரியில்லை. மிச்சம் 17,800க்கு 16 சதவீதப்படி 2,848. குறைந்த வருமானக்காரருக்கான சலுகை 700ஐக் கழித்தால் 2,148. இதற்கு மேல் மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவத் திட்டத்துக்காக முழு வருமானத்திலும் 2 சதவீதம், 720 டொலர்.

இல்லாத செலவாக 300 டொலரைப் போட்டதால் அவருக்கு என்ன மிஞ்சியது? முன்னூறும் மிஞ்சவில்லை. 16 சதவீதம் 48 டொலர், மெடிகெயாரில் 6 டொலர். மொத்தம் 54. இந்த 54 டொலருக்காகத்தான் உண்மை என்று உறுதி கூறி ஒரு பொய்க்கணக்கு.

ஆனால் அந்த 720ஐப் பாருங்கள். இலங்கையிலிருந்து மாணவர் வீஸாவில் போனவருக்கு மெடிகெயார் வசதி கிடையாது. அதனால்தான் தனியாக மருத்துவக் காப்புறுதி எடுத்துப் போகிறார்கள். வசதி இல்லாதவர் அந்த 2 சதவீதத்தைக் கட்டவும் வேண்டியதில்லை. ஆனால் விலக்கு தானாக வராது. மெடிகெயாருக்கு உரித்தில்லை என்ற சான்றிதழுக்குச் 'சேர்விசஸ் அவுஸ்திரேலியா' என்ற அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பித்து, அதன்படி வரிக் கணக்கில் விலக்குக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. உங்கள் மகன் இதைக் கேட்டாரா என்று விசாரியுங்கள்.

கொடுத்த கணக்கைத் திருத்தவும் வழி இருக்கிறது. வரி மதிப்பீட்டு அறிவித்தல் வந்து பொதுவாக இரண்டு வருடத்துக்குள், எந்த வழியாகக் கொடுத்தாரோ அதே இணையக் கணக்கிலேயே திருத்தலாம். திணைக்களம் கேட்குமுன் தாமாகத் திருத்துபவருக்கு அபராதம் வெகுவாகக் குறையும், சிறு தொகையென்றால் இல்லாமலே போகும். மேலே சொன்ன கணக்கின்படி, முன்னூறைப் போட்டு, விலக்கும் கேட்காமல் விட்டிருந்தால் அவர் கட்டியது 2,814 டொலர். முன்னூறை எடுத்துவிட்டு விலக்கைக் கேட்டால் கட்டவேண்டியது 2,148. பொய்யை நீக்கிய பிறகும் 666 டொலர் திரும்பி வரும்.

சகோதரி, மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்தமுறை பேசும்போது சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வந்ததும் இரண்டு திருத்தத்தையும் ஒன்றாகவே அனுப்பிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.