தொட்டிக்குள்ளே ஒரு பாகப்பிரிவினை

செடி வளர்க்கிறதைப் பத்தி நாலு பதிவு போட்டாலும் போட்டேன், அதுக்கப்புறம் எனக்கு வர்ற கேள்வியில பாதி ஒரே கேள்விதான். "அரேகா பாம் தொட்டி நிறைஞ்சு போச்சு. பிரிச்சு ரெண்டு மூணு தொட்டியில வைக்கலாமா?" ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்குப் பதிலா என் கட்சியை இங்கேயே சொல்லிடறேன். பெரிய தொட்டிக்கு மாத்துங்க மக்கா. பிரிக்காதீங்க.

முதல்ல ஒரு விஷயம். பேருதான் அரேகா, ஆனா இது நம்ம பாக்கு மரம் இல்லை. சொந்த ஊர் மடகாஸ்கர். கமுகு, தென்னை, பனை, ஈச்சை எல்லாத்துக்கும் ஒண்ணுவிட்ட சொந்தம்னு வேணா சொல்லலாம். நம்ம ஊர்ல தென்னையை 25 அடிக்கு ஒண்ணா வைப்பாங்க, ஏக்கருக்கு 70 கன்னு. கமுகுன்னா 9 அடி. அதே குடும்பத்துச் செடியை நர்சரிக்காரங்க எப்படி விக்கிறாங்க? பத்து, பதினஞ்சு நாத்தை ஒரே தொட்டியில நெருக்கி நட்டு, "பாருங்க சார், எவ்ளோ அடர்த்தி"ன்னு நம்ம தலையில கட்டிடறாங்க. அரேகா தானாவே பக்கக்கன்னு விட்டுப் புதராகும், அது உண்மை. ஆனா அதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் யாரு காத்திருப்பா?

ரெண்டு மூணு வருஷத்துல வேர் எல்லாம் பின்னிப் பிணைஞ்சு தொட்டி வடிவத்துக்கே கட்டியாயிடும். ஊத்துற தண்ணி உள்ள இறங்காம ஓரமா ஓடிரும். இலை மஞ்சளாகும். உடனே நாம கத்தியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறோம். யூட்யூப்ல வேற, ஒரு தொட்டியைப் பத்து தொட்டி ஆக்கிக் காட்டுறாங்க. அந்தப் பத்தும் ஆறு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு வீடியோ போட்டவங்களை நான் இன்னும் பார்க்கலை :-)

பாம் வகைக்கும் செம்பருத்திக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் இருக்கு. முருங்கைக் கிளையை வெட்டி நட்டா தழைக்கும், பாம் தண்டை வெட்டி நட்டா அழுகும். ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். குருத்து போச்சுன்னா அந்தத் தண்டு போச்சு. இதுக்கு ஆணிவேரும் கிடையாது, அடித்தண்டுல இருந்து கொத்தா கிளம்புற சல்லிவேர்தான். வெட்டுப்பட்ட வேர் திரும்பக் கிளைக்குமாங்கறதும் ஜாதியைப் பொறுத்தது. ஃப்ளோரிடாவுல இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தென்னையில வெட்டுப்பட்ட வேர்ல ஏறக்குறைய பாதி பிழைச்சு கிளைக்குது. சபல்னு ஒரு பனை இருக்கு, அதுல கிட்டத்தட்ட எல்லாமே செத்துடுது. பிரிக்கிறப்போ பிய்யுற ஒவ்வொரு வேரும் செடிக்கு நஷ்டக்கணக்குதான்.

எங்க அடுக்ககத்துல போன வருஷம் ஒரு அம்மா காலமானாங்க. அவங்க பன்னிரண்டு வருஷமா வளர்த்த அரேகா பால்கனியில நின்னுது. பிள்ளைங்க மூணு பேரு. வீட்டை வித்தாச்சு, நகையைப் பிரிச்சாச்சு. "அம்மா ஞாபகமா ஆளுக்கு ஒரு பங்கு பிரிச்சுக் கொடுங்க அங்கிள்"னு என்கிட்ட வந்தாங்க. தொட்டியைச் சாய்ச்சுப் பார்த்தேன். அடியில தண்டெல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கட்டை. மூணாப் பிரிச்சா மூணு வீட்லயும் காய்ஞ்ச குச்சிதான் நிக்கும்னு சொன்னேன். பெரியவருக்குக் கோபம், சின்னவளுக்குக் கண்ணுல தண்ணி. கடைசியில சின்னவ வீட்டுக்கு முழுசா போச்சு. மத்த ரெண்டு பேருக்கும் வருத்தம்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா செடி உயிரோட இருக்கு. அவங்க அம்மா தண்ணி ஊத்தினது அதுக்குத்தானே?

பிரிக்கவே கூடாதான்னு கேட்டா, கூடும். வாங்கின புதுசுல, தண்டெல்லாம் ஒட்டாம தனித்தனி நாத்தா இருக்கறப்போ மட்டும். வாளித் தண்ணியில வேர்க்கட்டியை ஊறவிட்டு, மண்ணைக் கரைச்சு, கையாலேயே நிதானமா ரெண்டு கொத்தாப் பிரிங்க. ஒத்தை ஒத்தையா வேண்டாம். ஒவ்வொரு கொத்துக்கும் சொந்த வேர் இருக்கணும். மூணு நாலு வாரம் நிழல்ல வைங்க. புதுக் குருத்து வர்ற வரைக்கும் உரம் கிட்டவே போகக்கூடாது.

மத்தபடி தொட்டி மாத்துறதுதான் வைத்தியம். பழசை விட ரெண்டு இன்ச் அகலம் போதும், கூடுதலாப் போனா மண்ணு ஈரம் காயாம வேர் அழுகும். அடியில ஓட்டை முக்கியம். செம்மண், மணல், மக்கின எரு, அலசின தென்னைநார்க் கழிவு கலந்துக்குங்க. அலசாத நார்ல உப்பு இருக்கும். முன்னாடி எந்த ஆழத்துல இருந்துச்சோ அதே ஆழம், தண்டை மண்ணுக்குள்ள புதைக்காதீங்க. அக்னி நட்சத்திரத்துல இந்த வேலையை வச்சுக்காதீங்க. போர் தண்ணியில உப்பு ஜாஸ்தின்னா இலை நுனி கருகும், மழைத் தண்ணி கிடைச்சா ஊத்துங்க.

இன்னொரு தொட்டி வேணும்னா இன்னொரு செடி வாங்கிக்கலாம். வாங்கும்போது அடர்த்தியைப் பார்க்காம, தண்டு கம்மியா, கெட்டியா இருக்கறதைக் கேளுங்க. நாம கேட்க ஆரம்பிச்சாத்தான் அவங்க நாத்தைத் திணிக்கிறதை நிறுத்துவாங்க. மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம். ஆனா பிரிச்சு ஒரு வருஷம் தாண்டின செடியோட போட்டோ கண்டிப்பா வேணும், சொல்லிட்டேன்!