குப்பைமேனி எங்கே பறித்தீர்கள்?

நாலு நாள் மழை பெய்தால் போதும், சாக்கடை ஓரத்திலும் வேலி இடுக்கிலும் குப்பைமேனி முளைத்துவிடும். இலை விளிம்பில் ரம்பப் பல், தண்டை ஒட்டிப் பச்சைக் கிண்ணம் போன்ற பூவடிச் செதில்கள். இவைதான் அடையாளம். பூனைகள் இதன் வேரைக் கண்டால் கிறங்கிப்போகும். அதனால்தான் நம்மவர்கள் பூனைவணங்கி என்றார்கள். மலாய்க்காரர்கள் கூச்சிங் காலாக் என்கிறார்கள்.

கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து மகளின் கால் தடித்தபோது, பாட்டி செய்யும் களிம்பு நினைவுக்கு வந்தது. எங்கள் தாமான் சாலையோரத்தில் ஒரு கை நிறையப் பறித்தேன். இரண்டு நாளில் அதே இடத்தில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். காய வைத்திருந்த இலையை அப்படியே குப்பையில் கொட்டினேன். பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எந்த நிரையில் மருந்து அடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். இலையை மட்டுமல்ல, இடத்தையும் பார்த்துத்தான் பறித்தார். நான் இலையை மட்டும் பார்த்தேன்.

ஆகவே வீட்டுத் தொட்டியில் வளர்ந்த செடியே நல்லது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அங்கே பூங்காக்களில் அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றம்.

இலைகளைக் கழுவி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் நொறுங்கும் வரை காய வையுங்கள். ஈரம் இருந்தால் களிம்பு பூஞ்சை பிடிக்கும். நொறுக்கிய இலை ஒரு கைப்பிடி, தேங்காய் எண்ணெய் 100 மில்லி. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் சூடாக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. வெடிக்காவிட்டால் 20 கிராம் தேன்மெழுகு சேர்த்து உருக்கி, உலர்ந்த புட்டியில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும். நம் வெயிலில் மெழுகு இல்லாமல் உறையாது. மூன்று மாதத்திற்குள் பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.

முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுங்கள். சிவந்தால் வேண்டாம். திறந்த புண்ணிலும் கைக்குழந்தைக்கும் தடவக்கூடாது. சீழ் வைத்தால் மருத்துவரிடம் போங்கள்.

மிக முக்கியமான ஒன்று. பிறந்ததும் நம் பிள்ளைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியை உட்கொண்டு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து பாதிக்கப்பட்டது இலங்கையில் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் களிம்பாகக்கூட வேண்டாம். பிறப்பின்போது தந்த மருத்துவப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இப்போது என் வீட்டு வாசலில் இரண்டு தொட்டி குப்பைமேனி வளர்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை தோண்டாமல் இருக்க, மேலே கம்பிவலை போட்டிருக்கிறேன்.