கலைக்கூடமும் தலைக்கணக்கும்

கலையை ஜனங்களிடம் கொண்டு போவது என்ற கோஷத்தை இப்போது எல்லா ஸ்தாபனங்களும் கற்றுக்கொண்டுவிட்டன. முன்பு அரசியல் மேடைகளிலிருந்து கேட்ட குரல். இப்போது அருங்காட்சியகங்களின் ஆண்டறிக்கைகளிலிருந்து கேட்கிறது. இதற்கு இரண்டு மார்க்கங்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று இணையம். மற்றது, சமூகப் பங்கேற்பு நிகழ்ச்சி. 2011இல் கூகிள் தன் ஆர்ட் ப்ராஜெக்டைத் தொடங்கியபோது இது பெரிய மியூஸியங்களின் சமாச்சாரமாக இருந்தது. 2020இல் கொள்ளைநோய் கதவுகளை அடைத்ததும் சிறிய ஊர்களின் கலைக்கூடங்களுக்கும் திரைக்குள் குடியேறுவது ஒன்றே வழி என்று ஆயிற்று. பிறகு கதவுகள் திறந்துவிட்டன. ஆனால் திரையில் பார்த்தாலே பார்த்ததாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. இந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். 1011ஆம் வருஷத்தவர். அவருடைய உமை அடுத்த வருஷம் வந்தவள். ரிஷபத்தைக் காணோம். கால் மாற்றி ஊன்றி, ஒரு கையை மடக்கி, இல்லாத ரிஷபத்தின் மேல் சாய்ந்து நிற்கிறார். அந்தக் கையின் கீழே இருக்கும் வெற்றிடமும் இன்று சிற்பத்தின் ஒரு பகுதிதான். அங்கே இருந்த மிருகத்தின் கனத்தை உடம்பின் சாய்வு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள நேரே நின்றால் போதாது. இரண்டடி பக்கவாட்டில் நகர வேண்டும், சற்று நிற்க வேண்டும், திரும்பி வர வேண்டும். ஃபோட்டோவில் அந்த வெற்றிடம் வெறும் பின்னணியாகிவிடுகிறது. மூன்றரை அடியும் மூன்றங்குலமும் திரையில் ஒன்றுதான். 'விரலால் சுழற்றிப் பார்க்கலாமே' என்பார்கள். சுழல்வது பிம்பம்; நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன். சிற்பம் என்பது ஒரு உடம்பு இன்னொரு உடம்பின் முன் நிற்பது. நிற்கிறவனை நீக்கிவிட்டால் மிஞ்சுவது தகவல்.

தகவலை நான் இழிவாகச் சொல்லவில்லை. வங்கியில் வேலை பார்க்கிறவன் வவுச்சரை இழிவாகப் பேச முடியாது. ஆனால் வவுச்சர் பணமல்ல என்பதும் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் ஐம்பதுகளிலிருந்து நம் கோயில்களில் ஃபோட்டோக்கள் எடுத்து வைத்தார்கள். அந்தப் படங்களை எடுத்தவர்கள் கலையை ஜனங்களிடம் கொண்டு போவதாக எந்தப் பிரகடனமும் செய்யவில்லை. எது எங்கே இருக்கிறது என்று பதிந்துவைத்தார்கள், அவ்வளவுதான். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அது திருட்டுச் சரக்கு என்று நிரூபிக்க உதவியது அந்தப் பழைய ஃபோட்டோதான். 2014இல் நடராஜர் திரும்பினார். ஃபோட்டோவுக்கு உரிய வேலை இது: சாட்சி சொல்வது. சாட்சியைக் கொண்டுவந்து மணமேடையில் உட்கார்த்திவைத்து இவனே மாப்பிள்ளை என்பதுதான் இன்றைய இணைய நிகழ்ச்சிகள் செய்கிற காரியம்.

சாட்சிக்கு வேண்டியவை என்ன? உயரம், எடை, கிடைத்த ஊர், வந்த வருஷம், பின்புறத்தின் படம், பீடத்தின் படம், பழுதுகளின் விவரம். இவற்றைத் தொகுக்க ஆள் வேண்டும், படிப்பு வேண்டும், பல வருஷம் பொறுமை வேண்டும். முடித்த பிறகு கைதட்ட யாரும் இருக்கமாட்டார்கள். மாறாக, இசையும் வர்ணனையும் சேர்த்த நாலு நிமிஷச் சுற்றுலா ஒன்று எடுத்தால் பார்த்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று உடனே எண் கிடைக்கும். 2018இல் இன்னொரு விளையாட்டு வந்தது. தன் முகத்தை ஃபோட்டோ பிடித்துக் கொடுத்தால் எந்த ஓவியத்தின் முகத்தோடு ஒத்துப்போகிறது என்று கூகிள் சொல்லும். ஓவியத்தைப் பார்க்க வந்தவன் தன்னையே பார்த்துக்கொண்டு போனான். இதற்குப் பெயர் ஜனநாயகம்!

சமூகப் பங்கேற்பின் கதை இன்னும் மோசம். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து, சிலைகளுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்து, மயிலும் தேசியக் கொடியும் வரையச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து, பிரமுகரோடு நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிற நிகழ்ச்சிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையிடமாவது, 'இந்தச் சிலையின் முன் பத்து நிமிஷம் சும்மா நில்' என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் கணக்கில் என்னவென்று எழுதுவது?

தஞ்சைக் கலைக்கூடம் பிறந்த கதையை இவர்கள் படிக்க வேண்டும். 1951இல் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கலைச் சேகரிப்பாளர், கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த பிரம்மா சிலையைத் தம் ஊருக்குக் கொண்டுபோக முயன்றார். ஜனங்கள் விடவில்லை. விஷயம் கலெக்டர்வரை போயிற்று. சிலை அரண்மனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து கலைக்கூடம் வந்தது. கரந்தை ஜனங்களை யாரும் பங்கேற்க அழைக்கவில்லை. அவர்கள் மறித்தார்கள். கலைக்கூடத்தை ஜனங்களிடம் கொண்டு போக வேண்டும் என்கிறார்கள். இந்தக் கலைக்கூடமே ஜனங்களிடமிருந்து வந்தது. அந்த எதிர்ப்புக்குப் பின்னால் கலைரசனை இருந்ததா, வெறும் ஊர் அபிமானம் இருந்ததா என்று கேட்கலாம். எனக்கு அந்த அபிமானம் போதும். தனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறவன் என்றாவது ஒருநாள் நின்று பார்ப்பான். தன்னை விருந்தாளியாக நடத்துகிற இடத்தில் எவனும் டிபன் முடிந்ததும் எழுந்து போய்விடுவான்.

நம் வட்டாரத்தையும் விட்டுவிடுவதற்கில்லை. நடராஜரைப் பற்றிக் கவிதை எழுதாத நவீன கவி இல்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு உலோகத் திருமேனியின் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள்? காலண்டரில் பார்த்தோம், பிறகு புத்தக அட்டையில், இப்போது கைபேசியில். பார்க்காததைப் பற்றி எழுதப் படிமம் ஒரு சௌகரியம். திரையைக் குறை சொல்லும் நாம், திரை வருவதற்கு முன்பே திரைக்குப் பழகியவர்கள்.

திருவாரூர்க் கோயிலின் பாதுகாப்பு மையத்தில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் பூட்டுக்குள் இருக்கின்றன. திருடனுக்குப் பயந்து வைத்த பூட்டு, குறை சொல்லமாட்டேன். இணையத்துக்கு உண்மையான வேலை அங்கே இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் ஊர், அளவு, பின்புறம், பீடம் எல்லாம் பிடித்து, அந்தந்த ஊர்க்காரன் தன் சாமி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி வைப்பது. கதவு திறந்திருக்கும் கலைக்கூடங்களுக்கு வேண்டியது வேறு. நல்ல வெளிச்சம், உட்கார ஒரு பெஞ்சு, கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒரு ஆள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நடக்கும் எந்த நிகழ்ச்சியும் கலைக்காக நடப்பதல்ல, அறிக்கைக்காக நடப்பது.