முதலில் முத்திரை, பிறகு தையல்

ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் கோட் துணி பார்க்கும் ஆசிரியர்களைக் காணலாம். துபாயிலோ லண்டனிலோ வேலை கிடைத்திருக்கும். நம் இதழுக்கு வரும் கேள்விகளும் உடையைப் பற்றித்தான்: சேலை கட்டலாமா, டை கட்டாயமா? கோட்டை ஒரு வாரத்தில் தைத்துவிடலாம். மதுரையில் வாங்கிய பி.எட். பட்டத்தில் அரசு முத்திரை விழ எவ்வளவு நாளாகும் என்று யாரும் கேட்பதில்லை.

ஹைதராபாத்தில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வெளியுறவு அமைச்சகம் 2019 ஜனவரியிலிருந்து சான்றொப்பப் பணியை ஹைதராபாத், சென்னை உள்ளிட்ட 15 நகரங்களுக்குப் பரவலாக்கிவிட்டது. ஆனால் அமைச்சகத்தின் கைக்குப் போகுமுன், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அரசு அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். உஸ்மானியா பட்டத்துக்குத் தெலங்கானா, காமராசர் பல்கலைப் பட்டத்துக்குத் தமிழ்நாடு. ஒன்றுபட்ட ஆந்திரமாக இருந்தபோது விசாகப்பட்டினத்தில் படித்தவருக்கு இன்று ஆந்திரப் பிரதேசம். இளங்கலை ஓரிடம், பி.எட். வேறிடம் என்றால் அலைச்சலும் இரண்டு மடங்கு. ‘தில்லியில் எஸ்.டி.எம். (உட்கோட்ட நடுவர்) முத்திரையோடு முடித்துத் தருகிறேன்’ என்று ஏஜென்ட் சொன்னால், அது செல்லுமா என்று வேலை தரும் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அப்போஸ்டில் என்னும் சர்வதேசச் சான்று முத்திரைக்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

போகும் நாடு முடிவாகாமல் முத்திரை வாங்குவதும் வீண். 1961-ன் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் போதும். இந்தியாவுக்கு அது 2005 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளது. ஓமானும் பஹ்ரைனும் அதில் உண்டு, சவூதி 2022 டிசம்பரில் வந்தது. அமீரகம், கத்தார், குவைத் சேரவில்லை. அங்கே தூதரக முத்திரையும், போய் இறங்கிய பிறகு அந்நாட்டு வெளியுறவுத் துறை முத்திரையும் தேவை. சான்றிதழ் கசங்கக்கூடாது என்று அம்மா ஆசையாக லேமினேஷன் செய்து வைத்திருப்பார். முத்திரை குத்த வேண்டுமானால் அந்த உறையைப் பிரித்தாக வேண்டும். அதில் தாள் கிழிந்தால், நகல் பட்டம் கேட்டுப் பல்கலைக்கழக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்.’, பட்டத்தில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு பயண விசாவில் வருபவர்களை ஏற்கமாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது தவித்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆஃபர் வந்த பிறகு பாஸ்போர்ட்டைத் திருத்தப் போனால் விசாவுக்கும் நாள் தள்ளும். பெயரை இப்போதே ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து 2023 பிப்ரவரியில் தன் ஆசிரியர் தகுதிநிலைக்கு இந்தியர்கள் நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்தது. மொழி, கணிதம், அறிவியலை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுக்கு மட்டும். அங்கே பி.எட். எத்தனை காலம் படித்தீர்கள் என்று துருவுவார்கள். 2015-க்கு முன் படித்தவர்கள், அன்று ஓராண்டுப் படிப்பே முறையானது என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே பள்ளி நிர்வாகங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்நகரில் இன்னும் ஒழியவில்லை. ஆசிரியர் ஓடிவிடுவார் என்ற பயம் புரிகிறது. அதற்கு மருந்து சம்பளம், பூட்டு அல்ல. அனுபவச் சான்று தரும்போதும் ‘நன்னடத்தை உடையவர், வாழ்த்துகள்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறார்கள். சேர்ந்த நாள், விலகிய நாள், வகுப்பு, பாடம், முழுநேரமா என்ற விவரம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இல்லாத கடிதத்தை எந்த நாட்டு அதிகாரியும் மதிக்கமாட்டார்.

இனி உடை. வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் ஆசிரியைகளுக்குச் சேலைதான் வழக்கம். பீரோவில் இருப்பதே போதும். பிற பள்ளிகளில் தோளும் முழங்காலும் மறைந்தால் சரி. இங்கிலாந்தில் நாடு முழுமைக்குமான விதி இல்லை, ஒவ்வொரு பள்ளியும் தன் விதியை வைத்திருக்கும். ஊழியர் கையேட்டின் உடைப் பக்கத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத் துணி எடுங்கள். குளிரைத் தாங்குவது கோட் மட்டுமல்ல, உள்ளே அணியும் தெர்மலும்தான். சேலைக்குள்ளும் அதை அணியலாம். அறிவியல் ஆசிரியர்களுக்கு மூடிய காலணி அவசியம். பர்னர் எரியும் மேசையருகே முந்தானை தொங்கக்கூடாது.

ஓரிடத்தில் மட்டும் உடை வேலையையே தீர்மானிக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2019-ல் இயற்றிய சட்டப்படி, அரசுப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர் பணிநேரத்தில் மத அடையாளம் எதையும் அணியக்கூடாது. ஹிஜாபோ டர்பனோ அணியும் ஹைதராபாத் ஆசிரியர்கள் இதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டி கட்டும்போது அசல்களும் ஒப்பந்தமும் கைப்பையில் இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிரதியை மின்னஞ்சலிலும், ஒரு செட் நகலை வீட்டிலும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கோட் சரக்குப் பெட்டியில் போகலாம்.