டெக்சி கைக்கு வரும், உரிமம் வருமா?

ஜொகூர் பாரு, தெப்ராவில் முதன்முறையாக டெக்சி வாங்க நினைப்பவருக்குத் தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை இது: “புதுக் காடிக்கு எதற்குக் கடன்? பழைய டெக்சியை வாங்கு, மறுநாளே லார்க்கின் பேருந்து முனையத்தில் வரிசை பிடி.”

மறுநாளா?

காடி கைமாறுவது வேறு, உரிமம் கைமாறுவது வேறு. 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வரும் உரிமம், ஸ்பேர் டயரைப்போல காடியோடு சேர்ந்து வராது. அதற்குத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டின் அலுவலகப் படியேற வேண்டும். ஓட்டுநருக்குத் தனியாகப் பொதுச் சேவை வாகன (பிஎஸ்வி) லைசென்ஸ் வேண்டும். பெயர் மாற்றுவதற்கு முன் காடி சோதனைக்குப் போக வேண்டும்.

“உரிமம் இழுத்தடித்தால் கிரேப் ஓட்டலாமே” என்பது அடுத்த பதில். அங்கும் 10 வயதைத் தாண்டிய காடிக்கு இடமில்லை.

பழைய காடியின் நிலையைப் பற்றிச் சொல்லப்படும் “டெக்சிக்காரர் சர்வீஸ் தவறமாட்டார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனையும் உண்டு” என்பது பாதி உண்மை. சோதனை பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் புகையையும் பார்க்கும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லாது. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர், ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கம் அமுங்கியிருந்தால், நம்ப வேண்டியது ரப்பரைத்தான். பின்பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். அங்கே இயற்கை எரிவாயுத் தோம்பு இருந்தால் பேரமே தேவையில்லை: 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வாகனங்களைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு காடியை மட்டும் மாற்றுபவருக்கு அந்த அறிவுரை பொருந்தலாம். முதல்முறை வாங்குபவர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே அபாட்டில் கேட்டுவிட வேண்டும்.